பொதிகை மலையின் செருப்புப் பூ: எந்த இடத்தில் பார்க்கலாம்?

நெல்லைநடையன் | டிசம்பர் 27, இரவு 9.42

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் ஏறப் போகிறோம், மூன்று பேர். கேரளப் பக்கம் போனக்காடு வழி. போன வாரம் ஒரு நண்பர் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட் பூவின் படம் காட்டினார். மஞ்சள் நிறம், இதழ் நடுவே கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பின் முன்பகுதி மாதிரி ஒரு பை. உலகத்திலேயே அகத்தியமலைப் பகுதியில் மட்டும்தான் இருக்கிறதாம். நம்ம பொதிகையில் இப்படி ஒன்று இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

கேள்வி நேரடியானது. போகிற பாதையில் அதை எந்த இடத்தில் பார்க்கலாம்? அதிருமலை முகாமுக்கு முன்பா, பின்பா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குமரிமேகம் | டிசம்பர் 27, இரவு 10.15

நான் ஒரு முறை ஏறியிருக்கிறேன். 2019க்குப் பிறகுதானே எங்களைப் போன்ற பெண்களை விட ஆரம்பித்தார்கள். பூவைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தேன், யானை லத்தியைப் பார்த்தேன், கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்துத் தொங்கும்போது என் கை நடுங்குவதைப் பார்த்தேன். மற்றதைப் பார்க்கிற நிலைமையில் இல்லை :)

கேமராக்கண் | டிசம்பர் 28, காலை 7.03

என் மாமா ஒருவர் நல்ல படம் வைத்திருக்கிறார். இடம் இதுதான்:

[இந்த இடத்தில் இருந்த இடக்குறிப்பு எண்களும் வழிக்குறிப்பும் நீக்கப்பட்டன. — மட்டுறுத்துநர்]

மட்டுறுத்துநர் | டிசம்பர் 28, காலை 7.31

கேமராக்கண், கோபப்பட வேண்டாம். மிக அருகிய நிலையில் இருக்கிற ஒரு செடியின் சரியான இடத்தை இங்கே எழுத அனுமதியில்லை. புலி, யானை பார்த்த இடத்தை எழுதுகிறோமே என்று கேட்பீர்கள். புலி ஓடிவிடும், செடி ஓடாது. விவாதம் தொடரட்டும்.

கேமராக்கண் | டிசம்பர் 28, காலை 8.20

இது கொஞ்சம் ஓவர். பிடுங்குகிறவனுக்கு ஏற்கெனவே இடம் தெரியும். தெரியாமல் இருப்பது நம்மை மாதிரி ரசிகர்களுக்கு மட்டும்தான். மக்களுக்கு ஒரு செடி இருப்பதே தெரியாவிட்டால் அது அழிந்தால் யார் கேட்பார்கள்? ஒளித்து வைத்துக் காப்பாற்றிய எதையாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

பழையவனத்தான் | டிசம்பர் 28, முற்பகல் 11.48

தம்பி, காட்டுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் சிப்ரிபீடியம் கால்சியோலஸ் என்று ஒரு செருப்பு ஆர்க்கிட் உண்டு. நம்ம ட்ரூரிக்குத் தூரத்துச் சொந்தம். தோட்டத்துக்காகவும் சந்தைக்காகவும் தோண்டித் தோண்டி, 1917ல் அது அந்த நாட்டில் அற்றுப்போனது என்றே எழுதிவிட்டார்கள். 1930ல் யார்க்‌ஷயர் பக்கம் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. ஒன்றுதான். கண்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. பல பத்தாண்டுகள் ஒரு சிறு கூட்டம் அந்த இடத்தை ரகசியமாகவே வைத்து, பூக்கும் காலத்தில் காவலும் போட்டது. பின்னாளில் அதன் விதையைக் கொண்டு கியூ தாவரத் தோட்டத்தில் நாற்று வளர்த்துத் திரும்ப நட்டார்கள். ஒளித்து வைத்ததால் பிழைத்த செடிக்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். வியட்நாமில் பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ். 1999ல்தான் அறிவியலுக்கே அறிமுகம். இருக்கும் இடம் வெளியே கசிந்தது. சில ஆண்டுகளுக்குள் காட்டில் தேடினாலும் கிடைக்காத நிலை. இன்று உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கிறது, பிறந்த பாறையில் இல்லை.

வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரோத்ஸ்சைல்டியானம் என்ற பெரிய செருப்பு ஆர்க்கிடை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த வியாபாரி, அது நியூ கினியாவிலிருந்து வந்தது என்று அளந்துவிட்டார். உண்மையில் அது போர்னியோவின் கினபாலு மலைச்செடி. போட்டிக்காரன் போய்விடக் கூடாது என்ற பயம். 1959ல்தான் காட்டில் அதை மறுபடியும் கண்டார்கள். ஒரு பொய் அந்தச் செடிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் நிம்மதி வாங்கிக் கொடுத்தது. காசுக்காகச் சொன்ன பொய் ஒரு செடியைக் காப்பாற்றியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

இனி நம் ஊர்க் கதை. 1865ல் ஹீபர் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரி திருவிதாங்கூர் மலைகளில் இதைக் கண்டார். அவர் பெயரையே வைத்து 1874ல் பெட்டோம் இதை விவரித்தார். பெட்டோமும் ராணுவத்திலிருந்து வந்தவர்தான், சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்தவர். அப்போது சிப்ரிபீடியம் என்ற பேரினத்தில் வைத்தார்கள். 1892ல் பாஃபியோபெடிலத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் வெகுகாலம் காட்டில் யாரும் பார்க்கவில்லை, போய்விட்டது என்றே நினைத்தார்கள். 1972ல் மீண்டும் கிடைத்தது. கிடைத்ததும் என்ன நடந்தது? கொண்டாட்டமா? சாக்குப்பை. சேகரிப்பவர்கள் மலையேறி வாரிக்கொண்டு போனார்கள். நூறு வருஷம் மறைந்திருந்தபோது பிழைத்த செடி, வெளியே தெரிந்த சில வருஷத்தில் கிட்டத்தட்ட தீர்ந்துபோனது.

இப்போது சொல்லுங்கள், அந்த எண்களை நீக்கியது ஓவரா?

நெல்லைநடையன் | டிசம்பர் 28, மதியம் 1.10

அண்ணாச்சி, நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். நான் பிடுங்கப் போவதில்லை, பார்க்கத்தானே கேட்டேன். ஒரு ஆள் பார்ப்பதால் என்ன ஆகும்?

குமரிமேகம் | டிசம்பர் 28, மதியம் 1.24

நீங்கள் ஒரு ஆள் இல்லையே, மூன்று பேர். உங்கள் படத்தைப் பார்த்து அடுத்த வருஷம் முப்பது பேர்.

தொட்டிப்பூ | டிசம்பர் 28, மாலை 6.02

நான் ஏற்காட்டுப் பக்கம் ஆர்க்கிட் வளர்ப்பவன். வேறு ஒரு கருத்தை வைக்கிறேன், அடிக்க வராதீர்கள்.

ஆசைப்படுகிறவனுக்குச் செடி சட்டப்படி, குறைந்த விலையில் கிடைத்தால் அவன் ஏன் காட்டுத் திருடனிடம் வாங்கப் போகிறான்? ஆய்வகத்தில் விதை முளைக்க வைத்து ஆயிரக்கணக்கில் நாற்று விட்டால் காட்டின் மேல் இருக்கும் அழுத்தம் தானாகக் குறையும். சந்தையில் இன்று மலிந்து கிடக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிடை யாராவது காட்டில் போய்ப் பிடுங்குகிறார்களா?

பழையவனத்தான் | டிசம்பர் 28, இரவு 8.37

பாதி சரி. மீதிப் பாதியில் இரண்டு முள் இருக்கிறது.

ஒன்று, ஃபெலனாப்சிஸை ஒரு துண்டுத் திசுவிலிருந்து ஆயிரம் நகல் எடுக்கலாம். செருப்பு ஆர்க்கிடுகள் அந்த வேலைக்கு எளிதில் மசியாது. பெரும்பாலும் விதையிலிருந்து வளர்க்க வேண்டும், அல்லது குத்தைப் பிரிக்க வேண்டும். விதை போட்டுப் பூப் பார்க்கப் பல வருஷம் ஆகும். அதனால் விலை சட்டென்று இறங்காது. விலை இறங்காதவரை காட்டுச் செடிதான் மலிவு.

இரண்டு, சட்டம். பாஃபியோபெடிலம் மொத்தப் பேரினமும், அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில். புலியும் அதே பட்டியலில்தான். காட்டில் எடுத்த செடியை வியாபாரத்துக்காக நாடு கடத்த முடியாது. உள்நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. 'விலங்கு' என்று பெயரில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. 1991 திருத்தத்தில் செடிகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். ஆறாம் அட்டவணையில் ஆறே ஆறு பெயர்கள்: பெட்டோம் சைகஸ், நீல வாண்டா ஆர்க்கிட், சிவப்பு வாண்டா ஆர்க்கிட், குத் என்ற மூலிகை, குடுவைச் செடி, அப்புறம் செருப்பு ஆர்க்கிடுகள். 2022 திருத்தத்துக்குப் பிறகு செடிகள் மூன்றாம் அட்டவணைக்கு மாறின. வன நிலத்தில் இவற்றைப் பறிப்பது, தோண்டுவது, சேதப்படுத்துவது எல்லாம் குற்றம். அது மட்டுமில்லை, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும்கூடத் தடை. உங்கள் தொட்டியில் இருப்பது என்ன என்று நான் கேட்கவில்லை!

தொட்டிப்பூ | டிசம்பர் 28, இரவு 9.15

என் தொட்டியில் இருப்பது ஃபெலனாப்சிஸும் டென்ட்ரோபியம் கலப்பினங்களும் மட்டுமே ஐயா, சத்தியமாக. ஆனால் ஒரு அவமானத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒருவர் 'பொதிகை மலை ஒரிஜினல் ஸ்லிப்பர்' என்று விற்றார். சட்டம் எதுவும் தெரியாத காலம், வாங்கிவிட்டேன். வந்த செடியின் இலை முழுக்க வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டு. பூத்தபோது ஊதா. ஏதோ ஒரு சந்தைக் கலப்பினம்.

பழையவனத்தான் | டிசம்பர் 28, இரவு 9.22

நல்ல வேளை, ஏமாந்தீர்கள். ட்ரூரியின் இலை ஒரே பச்சை, திட்டே கிடையாது. உங்களிடம் வந்தது நிஜமாக இருந்திருந்தால் இந்தப் பதிவையே வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

புல்லும்பூவும் | டிசம்பர் 29, காலை 6.50

பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் அடிப்படையாகவே கேட்கிறேன். ஆர்க்கிட் என்றால் மரத்தில் ஒட்டி, மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்றுதான் நாங்கள் படித்தோம். இது எந்த மரத்தில் இருக்கும்?

குமரிமேகம் | டிசம்பர் 29, காலை 7.35

டீச்சர், ஒட்டுண்ணி இல்லை. தொற்றுச்செடி. மரத்தில் உட்காரும், உறிஞ்சாது. பேருந்தில் ஜன்னலோரம் உட்காருகிறவர் பேருந்தைச் சாப்பிடுவதில்லை அல்லவா. எங்கள் பக்கம் மலையாளம் கலந்த ஊர், மரத்தில் இருப்பவற்றை மரவாழை என்பார்கள். ஆனால் இந்தச் செருப்புப் பூ மரத்தில் இருப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். பழையவனத்தான் ஐயா வந்து சொல்லட்டும்.

பழையவனத்தான் | டிசம்பர் 29, முற்பகல் 10.30

சரியாகச் சொன்னீர்கள். இந்த இழையில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

பாஃபியோபெடிலம் என்றாலே வளர்ப்பவர்கள் மனத்தில் வரும் படம் நிழல், ஈரம், காட்டின் தரையில் மக்கிய இலை. ட்ரூரி அந்த வரிசையில் வராத ஆள். இது நிற்பது மலையின் மேல்பகுதியில், கிட்டத்தட்ட 1400 முதல் 1600 மீட்டர் உயரத்தில், திறந்த புல்சரிவுகளில். சோலைக்குள்ளே இல்லை, சோலைக்கு வெளியே. பாறையும் புல்லும் கலந்த இடம், நேர் வெயில், நேர் காற்று. புல்லின் அடியில் தண்டு ஊர்ந்து போய்த் தள்ளித் தள்ளி முளை விடும். தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும் என்று வளர்த்தவர்கள் சொல்வார்கள். பூ இல்லாத காலத்தில் அது வெறும் பட்டை இலைக் குத்து. புல்லுக்கு நடுவில் புல் மாதிரியே கிடக்கும்.

பொதிகையின் வானிலையைத் தெரிந்தால்தான் இந்த வாழ்க்கை புரியும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவம் அறையும். அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். தாமிரபரணி வருஷம் முழுக்க ஓடுவது இதனால்தான். பிறகு ஜனவரி தொடங்கி சில மாதம் மழை குறைவு. இந்த ஆர்க்கிடுக்கு நீர் சேமிக்கும் குமிழ்த்தண்டு கிடையாது. அந்த மாதங்களை அது தாண்டுவது பாறை இடுக்கில் தங்கிய மக்கின் ஈரத்தாலும், விடியற்காலையில் உரசிப் போகும் மேகத்தாலும்தான். வேர் தடித்திருக்கும், மேலே பஞ்சு மாதிரி ஒரு உறை. பனித்துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதே மாதங்களில்தான் புல் காயும். ஒரு பீடித் துண்டு போதும். சரிவு முழுக்கப் போய்விடும்.

இதனால்தான் 'சோலைக்காட்டைக் காப்போம்' என்று மட்டும் கத்துவது எனக்கு எரிச்சலைத் தரும். புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து அதில் மரம் நடுவதைச் சேவையாகச் செய்தவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க இருந்தார்கள். நீலகிரியில் சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் புல்வெளியை எப்படி விழுங்கின என்று போய்ப் பாருங்கள். ஒரு புல்சரிவில் மரம் நட்டு நிழல் உண்டாக்கினால் ட்ரூரிக்கு அது தண்டனை. வரையாட்டுக்கும்தான்.

புல்லும்பூவும் | டிசம்பர் 29, மதியம் 12.05

நன்றி ஐயா. பாடப் புத்தகத்தைத் திருத்த முடியாது, என் குறிப்பேட்டைத் திருத்திக்கொண்டேன். இன்னொன்று. அந்தப் பை எதற்கு? குடுவைச் செடி மாதிரி பூச்சியைத் தின்னவா?

தொட்டிப்பூ | டிசம்பர் 29, மதியம் 12.40

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கலப்பினச் செருப்பு ஆர்க்கிடுகளை நண்பர்கள் தோட்டத்தில் மணிக்கணக்காகப் பார்த்தவன்.

தின்னாது. ஏமாற்றும். செருப்பு ஆர்க்கிடுகளில் பொதுவாகத் தேன் இருக்காது. பூச்சி ஏதோ கிடைக்கும் என்று நம்பி வந்து உட்காரும். பையின் விளிம்பு வழுக்கும், உள்ளே விழும். உள்சுவரும் வழவழப்பு, ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் மயிர் வரிசையாக ஒரு ஏணி இருக்கும். அதைப் பிடித்து ஏறினால் வெளியே போக ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்தில் முதலில் சூலகமுடி முதுகில் உரசும், அதைத் தாண்டினால் மகரந்தப்பை. ஏற்கெனவே வேறு பூவில் ஏமாந்து மகரந்தத்தோடு வந்த பூச்சியாக இருந்தால், அந்த மகரந்தம் முதலில் சூலகமுடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு இந்தப் பூவின் மகரந்தத்தை முதுகில் வாங்கிக்கொண்டு வெளியேறும். ஒழுங்கு மாறினால் தன் மகரந்தமே தனக்கு ஒட்டிவிடும். மாறாது. ஒருவழிப் பாதை. நம் ஊர் மேம்பாலங்களில்கூட இவ்வளவு கச்சிதம் இல்லை.

ஆனால் ஒரு பூச்சி இரண்டு முறை ஏமாற வேண்டும். அதுதான் இதில் உள்ள கஷ்டம். செடிகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தால் இரண்டாவது ஏமாற்றம் நடக்கவே நடக்காது.

கேமராக்கண் | டிசம்பர் 29, மாலை 5.55

இது எனக்குப் புதுசு. அப்படியானால் பத்துச் செடி இருக்கும் சரிவில் ஆறைப் பிடுங்கினால் மீதி நாலும் இருந்தும் இல்லாத மாதிரிதானே?

பழையவனத்தான் | டிசம்பர் 29, இரவு 7.20

அதேதான். தண்டு ஊர்ந்து அவை வாழும், வயதாகும், விதை மட்டும் வராது.

விதை வந்தாலும் கதை முடியவில்லை. ஆர்க்கிட் விதை தூசி. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் கட்டுச்சோறு இல்லாமல் பயணம் கிளம்பிய பிள்ளை. நெல்லுக்குள்ளே அரிசி இருக்கிறதே, அந்த மாதிரி சேமிப்பு எதுவும் கிடையாது. மண்ணில் உரிய பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். 1922ல் அமெரிக்காவில் நட்சன், பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை கலந்த கூழில் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். தொட்டிப்பூ சொல்லும் ஆய்வக நாற்றெல்லாம் அந்த வழிதான்.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தில் இந்த வழியில் ட்ரூரியை வளர்த்து, மறுபடி மலையில் நடும் முயற்சியும் நடந்திருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களிடம் ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகையைப் பற்றித் தெரிந்துகொண்டு, அதில் வந்த மருந்தின் வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்களே, அதே நிறுவனம். அது தனிக் கதை, தனி இழை போடலாம்.

குடுவையில் வளர்ந்த பிள்ளை மலைச்சரிவில் நிற்பது லேசு இல்லை. அங்கே அதற்கான பூஞ்சை வேண்டும், தீ வரக் கூடாது, ஆள் வரக் கூடாது. தொட்டிப்பூவின் திட்டத்தை நான் முழுசாக மறுக்காததற்கு இதுதான் காரணம். ஆய்வக நாற்று சந்தைக்குப் போவதைவிட மலைக்குத் திரும்புவதில்தான் எனக்கு ஆர்வம்.

தொட்டிப்பூ | டிசம்பர் 29, இரவு 7.58

இரண்டும் செய்யலாம் என்பதே என் கட்சி. உரிமத்தோடு. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன், சரி விடுங்கள்.

நெல்லைநடையன் | டிசம்பர் 30, காலை 9.12

எனக்கு ஒன்று மண்டையைக் குடைகிறது. இது ஏன் இங்கே மட்டும்? மற்ற செருப்பு ஆர்க்கிடுகள் எங்கே இருக்கின்றன?

பழையவனத்தான் | டிசம்பர் 30, மதியம் 2.45

இந்தியாவில் இதன் மற்ற உறவினர்கள் எல்லாம் வடகிழக்கிலும் கிழக்கு இமயப் பக்கமும். மேகாலயா, அருணாசலம், மணிப்பூர் அந்தப் பக்கம். அங்கிருந்து மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், போர்னியோ என்று குடும்பம் கிழக்கே பரவிக் கிடக்கிறது. தென்னிந்தியாவில் இது ஒன்றே ஒன்று. நடுவில் 2000 கிலோமீட்டருக்கும் மேல் வெற்றிடம். குடும்பத்தில் ஒரு பிள்ளை மட்டும் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி.

ஆனால் பொதிகைக்கு இது புதுசு இல்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரான் மரத்தைப் பாருங்கள், அதன் சொந்தங்கள் இமயத்தில். வரையாட்டின் சொந்தம் இமயத்திலும் அரேபியாவிலும். சில மலை மீன்களுக்கும் இதே கதை. சுந்தர் லால் ஹோரா என்ற மீனியல் அறிஞர், ஒரு காலத்தில் விந்திய, சாத்பூரா மலைகள் வழியாக ஈரக்காட்டுப் பாலம் ஒன்று இருந்தது, அது வழியாக இவை தெற்கே வந்தன என்று ஒரு கருத்தை வைத்தார். நாடு வறண்டதும் நடுவில் இருந்தவை அழிந்து, இங்கே உயரத்தில் ஒதுங்கியவை மட்டும் மிஞ்சின என்பது அதன் சாரம். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு இல்லை. தூசி விதை காற்றில் வந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கருத்துதான் பிடிக்கும். பிடிப்பது சான்று ஆகாது, தெரியும்.

எப்படி வந்திருந்தாலும் அகத்தியமலைதான் அதன் கடைசி ஊர். 1868 மீட்டர் உச்சி. அதற்கு மேல் வானம். வெப்பம் ஏறினால் மற்ற மலைச்செடிகள் இன்னும் கொஞ்சம் மேலே நகரும் என்கிறோம். இதற்கு மேலே நகர இடம் எங்கே?

குமரிமேகம் | டிசம்பர் 30, மாலை 4.10

ஐயா, வடக்கிலிருந்து தெற்கே அனுப்பப்பட்டு வந்து பொதிகையில் தங்கியவர் என்று நமக்கு ஏற்கெனவே ஒருவரைத் தெரியும். கையில் கமண்டலம் இருக்கும் :)

பழையவனத்தான் | டிசம்பர் 30, மாலை 4.31

ஹா ஹா. ஹோரா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கேமராக்கண் | டிசம்பர் 30, இரவு 10.48

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். என் மாமாவிடம் பேசினேன். அவர் அந்தப் படத்தைப் பல குழுக்களில் போட்டிருக்கிறார். எண்களை எழுதவில்லை, ஆனால் மூலக்கோப்பையே அனுப்பியிருக்கிறார். கைபேசியில் எடுத்த படத்துக்குள் ஜிபிஎஸ் எண் தானாகவே பதிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் நேற்றுதான் உறைத்தது. அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அனுப்பிய இடத்திலெல்லாம் அழியுமா என்று கேட்காதீர்கள்.

மட்டுறுத்துநர் | டிசம்பர் 31, காலை 6.40

நன்றி கேமராக்கண். மற்றவர்களுக்கும் சேர்த்து: மலைக்குப் போகும்போது கேமரா அமைப்பில் இட அடையாளத்தை அணைத்துவிடுங்கள். பதிவு செய்ய ஆசை இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினங்களைப் பதிவு செய்யும் தளத்தில் இடலாம். அருகிய இனம் என்று குறிக்கப்பட்டவற்றின் இடத்தை அது தானாகவே இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஒரு கட்டத்துக்குள் கலைத்துவிடும். ஆனால் நீங்களே கீழே குறிப்பில் 'இரண்டாம் ஓடைக்கு இடப்பக்கம்' என்று எழுதினால் கணினி என்ன செய்யும்?

நெல்லைநடையன் | டிசம்பர் 31, காலை 8.05

சரி. என் முதல் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், பார்க்கும் ஆசை போகவில்லை. பாதையை விட்டு விலக மாட்டேன், பாதையில் தென்பட்டால் பார்ப்பேன். இது நியாயம்தானே?

பழையவனத்தான் | டிசம்பர் 31, காலை 8.50

நியாயம். பாதையை விட்டு விலகினால் வழிகாட்டியாக வரும் காணிக்காரரே திட்டுவார், யானைக்காக. அவரிடமும் 'அந்தப் பூ எங்கே' என்று நச்சரிக்காதீர்கள். நீங்கள் காசு நீட்டினால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

நெல்லைநடையன் | பிப்ரவரி 4, இரவு 9.30

போய் வந்துவிட்டோம். போனக்காட்டுப் பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்து அதிருமலை வரை முதல் நாள். கடைசி ஏற்றத்தில் தொடைக்கு உயிரே இல்லை. மறுநாள் உச்சி. பொங்கலப்பாறைக்கு மேலே மேகம் இறங்கி முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. அகத்தியர் சிலைக்கு முன்னால் பத்து நிமிஷம் மேகம் விலகியது. கிழக்கே நம்ம பக்கம், காரையார் அணைத் தண்ணீர் ஒரு சில்லு மாதிரி மின்னியது.

பூ பார்க்கவில்லை. இறங்கும்போது ஒரு திறந்த சரிவில், பாதையோரமாகவே, பட்டை இலையோடு ஒரு குத்து. திட்டு இல்லை, ஒரே பச்சை. என் நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. இட அடையாளத்தை அணைத்து ஒரு படம் எடுத்தேன், யாரிடமும் காட்டாமல் பழையவனத்தான் அண்ணாச்சிக்கு மட்டும் தனிமடலில் அனுப்பினேன்.

நிலப்பனை வகையாம்.

பழையவனத்தான் | பிப்ரவரி 4, இரவு 9.44

இலையில் மடிப்பு மடிப்பாக நரம்பு ஓடுகிறது பாருங்கள். ட்ரூரியின் இலை தடித்து, நடுவில் மட்டும் ஒரு பள்ளம் இருக்கும். ஆனால் படம் நன்றாக இருக்கிறது தம்பி.

குமரிமேகம் | பிப்ரவரி 4, இரவு 9.51

செருப்பைத் தேடிப் போனவர் என்ன கொண்டு வந்தீர்கள்?

நெல்லைநடையன் | பிப்ரவரி 4, இரவு 9.58

அடி பிய்ந்த ஷூ. அடுத்த வருஷ முன்பதிவு எப்போது திறக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.